மினி கூப்பரின் சூப்பர்சார்ஜர், எம்எக்ஸ்-5 எஞ்சின்: மாட்டிய பிறகு வரும் கோளாறுகள்

வண்டி, முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5. எஞ்சின் 1.6 லிட்டர் பி6. அதில் உட்கார வைத்தது, 2002 முதல் 2006 வரை வந்த மினி கூப்பர் எஸ் வண்டியில் இருந்து கழற்றிய ஈட்டன் எம்45 சூப்பர்சார்ஜர், அதாவது எஞ்சினின் பெல்ட்டால் சுற்றி, எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் கருவி. இங்கிலாந்தில் இந்த இரண்டு வண்டிகளுமே பழைய வண்டி உடைக்கும் யார்டுகளில் கிடைக்கும். ஜாக்சன் ரேசிங் நிறுவனம் ஒரு காலத்தில் எம்எக்ஸ்-5க்கென்று விற்ற ரெடிமேட் கிட்டிலும் இதே எம்45 தான் இருந்தது. ஆகவே அளவு பொருந்துமா என்ற கேள்விக்கு இடமில்லை. பிராக்கெட், புல்லி, காற்றுக்குழாய், ஃபிளாஞ்ச் என்று மீதி எல்லாவற்றையும் நாமே வெட்டி, கடைந்து, வெல்ட் வைத்துச் செய்ய வேண்டும். கோளாறும் பெரும்பாலும் அங்கிருந்துதான் வரும். தொழிற்சாலையில் செய்த சார்ஜர் ஒரு லட்சம் மைல் ஓடியும் தாங்கும். ஞாயிற்றுக்கிழமை நாம் செய்த பிராக்கெட் நூறு மைல் தாங்குமா என்பதுதான் சந்தேகம்.

எப்படி மாட்டுவது என்று இங்கே சொல்லப்போவதில்லை. மாட்டி முடித்துச் சாவியைத் திருப்பிய பிறகு ஏதோ சரியில்லை என்றால், அந்தக் கட்டத்தில் இருந்து தொடங்குகிறேன்.

என் அமைப்பின் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன், கீழே வரும் எண்கள் அதை வைத்துத்தான். எம்45 என்றால் ஒரு சுற்றுக்கு 45 கன அங்குலம், அதாவது ஏறக்குறைய 737 சிசி காற்று. எஞ்சின் 1,597 சிசி. நான்கு ஸ்ட்ரோக் என்பதால் கிராங்க் ஒரு சுற்றுக்கு இழுப்பது அதில் பாதி. கிராங்க் புல்லி 120 மிமீ, சார்ஜர் புல்லி 75 மிமீ, விகிதம் 1.6. எஞ்சின் நிமிடத்துக்கு 7,000 சுற்றில் ஓடும்போது சார்ஜர் 11,200 சுற்று சுற்றும். எம்45ஐ 14,000க்கு மேல் சுற்ற விடக்கூடாது என்பது என் வரம்பு. எதிர்பார்க்கும் பூஸ்ட், அதாவது வெளிக்காற்றைவிடக் கூடுதலான அழுத்தம், 0.5 பார். த்ராட்டிலைச் சார்ஜருக்கு முன்னால் வைத்தேன், மினியில் இருப்பது போலவே. பழைய கதவு வகைக் காற்று மீட்டரைத் தூக்கிவிட்டு, எஞ்சினைக் கட்டுப்படுத்தும் மெகாஸ்குவர்ட் கணினியைப் போட்டேன்.

மூன்று கேஜ் இல்லாமல் எதையும் தேட ஆரம்பிக்க வேண்டாம்: மேனிஃபோல்டில் பூஸ்ட்-வாக்யூம் கேஜ், எக்ஸாஸ்டில் காற்று-பெட்ரோல் விகிதம் காட்டும் வைட்பேண்ட், காற்று எஞ்சினுக்குள் நுழையும் இடத்தில் வெப்ப சென்சார். இவை இல்லாமல் செய்வது இருட்டறையில் கறுப்புப் பூனையைத் தேடுவதுதான்.

ஐட்லிங் 1,800க்குக் கீழே இறங்க மாட்டேன் என்கிறது

ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் கத்திக்கொண்டே நிற்கிறது. வாக்யூம் கேஜும் வழக்கத்தைவிடக் குறைவாகக் காட்டுகிறது. எங்கோ கள்ளக் காற்று நுழைகிறது என்று அர்த்தம். த்ராட்டில் முன்னால் இருப்பதால் சார்ஜர், அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர், குழாய், மேனிஃபோல்டு எல்லாமே ஐட்லிங்கில் வாக்யூமில்தான் இருக்கும். முன்பு நான்கு இடத்தில் ஒழுக வாய்ப்பு இருந்தது என்றால் இப்போது இருபது இடம்.

ஹோஸ் கிளிப்புகளை டைட் செய்துவிட்டு நேராக ஃபிளாஞ்சுக்குப் போங்கள். என் வண்டியில் குற்றவாளி அதுதான். மேனிஃபோல்டு வாயில் உட்காரும் ஃபிளாஞ்சை 10 மிமீ அலுமினியத்தில் வெட்டி, மேலே குழாயை டிக் வெல்டிங் செய்து ஒட்டியிருந்தேன். பார்க்க அழகாகவே இருந்தது. மூன்று மணி நேரம் ஹோஸ்களைத் தேடி அலுத்த பிறகு அதைக் கழற்றி, பட்டறை நண்பரின் சர்ஃபேஸ் பிளேட் மேல் கவிழ்த்து வைத்தேன். ஒரு மூலையை விரலால் அழுத்தினால் எதிர் மூலை 'டக்' என்று எழும்பியது, உணவகத்தில் ஆடும் மேசை போல. இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் இலைகளை ஒவ்வொன்றாகச் செருகிப் பார்த்தேன்: 0.15 போயிற்று, 0.20 போயிற்று, 0.30 இறுக்கமாகப் போய் நின்றது. அந்த இடத்தில் பேப்பர் கேஸ்கெட் எதை அடைக்கும்? வெல்ட் சூடு அலுமினியத்தை வாழை இலை மாதிரி வளைத்துவிட்டது.

வெல்டிங்கிற்கு முன் முகத்தைச் சமப்படுத்திப் பயனில்லை, வெல்டிங் முடிந்த பிறகுதான் மில்லிங்கில் முகம் சீவ வேண்டும். அதற்காகவே முதலில் 12 மிமீ தடிமனில் வெட்டிக்கொண்டால் சீவுவதற்கு இடம் இருக்கும். வெல்ட் வைக்கும்போது ஃபிளாஞ்சை ஒரு தடித்த இரும்புத் தட்டில் போல்ட் போட்டு இறுக்கி வைத்து, முழுக்க ஆறிய பிறகு கழற்றினால் வளைவு பாதியாகக் குறையும். அவசரப்பட்டு சிலிகான் கேஸ்கெட் பேஸ்ட்டை அப்புகிறவர்கள் உண்டு. நானும் அப்பினேன். மூன்று நாள் நின்றது.

ஒழுக்கு எங்கே என்று கண்டுபிடிக்கப் புகை விடுவதே நல்ல வழி. ஓடும் எஞ்சினில் கார்ப் கிளீனர் தெளித்துப் பார்க்கும் பழக்கம் பலருக்கு உண்டு; எக்ஸாஸ்ட் சூடாக இருக்கும் இடத்தில் அதைச் செய்து புருவத்தைத் தீய்த்துக்கொள்ள வேண்டாம்.

பூஸ்ட் வரவே இல்லை

ஒரு நண்பர் இரவு பத்து மணிக்குப் போன் செய்தார்.

"மச்சி, சார்ஜர் நல்லா சுத்துதுடா, சத்தமும் வருது. ஆனா கேஜ் பூஜ்யத்தத் தாண்ட மாட்டேங்குது."

"பைபாஸ் வால்வு ஹோஸை எங்கடா மாட்டின?"

"எங்க இடம் இருந்துச்சோ அங்க."

அதுதான் கோளாறு. எம்45 போன்ற, இரண்டு ரோட்டர்களால் காற்றைத் தள்ளும் ரூட்ஸ் வகைச் சார்ஜர் கிராங்குடன் கட்டிப் போட்டது போல எப்போதும் சுற்றிக்கொண்டே இருக்கும். சும்மா ஓட்டும்போது அது தள்ளும் காற்றைத் திரும்பத் தன் வாய்க்கே அனுப்பத்தான் பைபாஸ் வால்வு. வாக்யூம் இருக்கும்போது வால்வு திறந்து, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்து வாக்யூம் செத்ததும் ஸ்பிரிங்கால் மூட வேண்டும். த்ராட்டில் முன்னால் இருக்கும் அமைப்பில் அந்த ஹோஸ் த்ராட்டிலுக்கும் சார்ஜருக்கும் நடுவில் இருந்து வர வேண்டும். நண்பர் அதை வேறெங்கோ செருகியிருந்தார். வால்வு மூடவே இல்லை, காற்று வட்டமடித்துக்கொண்டிருந்தது.

சோதனை எளிது. ஹோஸைக் கழற்றிவிட்டு, வால்வின் கையை மூடிய நிலையில் கம்பியால் கட்டி ஒரே ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். பூஸ்ட் வந்தால் கோளாறு வால்விலோ ஹோஸிலோ. வரவில்லை என்றால் குழாய் ஏதோ கழன்றிருக்கிறது, அல்லது பெல்ட் சுத்தமாக வழுக்குகிறது. கம்பியை மறக்காமல் அவிழ்த்துவிடுங்கள். கட்டியபடியே ஓட்டினால் நெடுஞ்சாலையில் சும்மா போகும்போதுகூடக் காற்று கொதிக்கும், பெட்ரோலும் குடிக்கும்.

அபூர்வமான இன்னொரு காரணம் உண்டு: சார்ஜர் தலைகீழாகச் சுற்றுவது. மினியிலும் எம்எக்ஸ்-5இலும் கிராங்க் புல்லிப் பக்கம் நின்று பார்த்தால் கடிகார திசையில்தான் சுற்றும். பெல்ட்டின் பல் (நீளவாட்டு வரி) பக்கம் இரண்டு புல்லியிலும் உட்கார்ந்தால் சரி. இடப் பிரச்சினைக்காகச் சார்ஜரின் மூக்கை, அதாவது புல்லி இருக்கும் முனையை, பின்பக்கம் திருப்பி வைத்தாலோ, பெல்ட்டின் முதுகால் ஓட்டினாலோ திசை மாறிவிடும். அப்போது சார்ஜர் எஞ்சினிடம் இருந்து காற்றைப் பிடுங்கும். ரேஸ் கொடுக்கக் கொடுக்கத் திணறும், கேஜ் வாக்யூம் பக்கமே சாயும்.

4,500 வரை பூஸ்ட் ஏறுகிறது, அப்புறம் விழுகிறது

இது அதிகம் பேரை அலைய வைக்கும் கோளாறு. எனக்கும் இரண்டு வாரம் போனது.

ரூட்ஸ் சார்ஜரின் குணம் என்னவென்றால், எஞ்சின் சுற்று எவ்வளவாக இருந்தாலும் பூஸ்ட் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நிற்கும்; மேலே போகப் போகக் கொஞ்சம் கூடலாம். டர்போ மாதிரி மலை ஏறி இறங்காது. ஆகவே கேஜ் 0.5 காட்டிவிட்டு 6,000 சுற்றில் 0.3க்கு வந்தால் இரண்டில் ஒன்று: பெல்ட் வழுக்குகிறது, அல்லது சார்ஜருக்கு மூச்சு முட்டுகிறது.

மூச்சு முட்டலை முதலில் பாருங்கள், ஐந்து நிமிட வேலை. த்ராட்டிலுக்கும் சார்ஜருக்கும் நடுவில் இன்னொரு கேஜை மாட்டி, முழு த்ராட்டிலில் ஓட்டுங்கள். அங்கே பூஜ்யத்துக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். 0.1 பார் வாக்யூம் காட்டினால் ஃபில்டர் சிறியது, அல்லது குழாய் எங்கோ நசுங்குகிறது. மெல்லிய ரப்பர் ஹோஸ் முழு இழுப்பில் சப்பையாகும். நின்று பார்த்தால் தெரியாது. பழைய கதவு வகைக் காற்று மீட்டரை அப்படியே வைத்திருப்பவர்களுக்கு அதுவே தடை.

வாக்யூம் இல்லையா, சரி, பெல்ட்டுக்கு வருவோம். 0.5 பாரில், 11,200 சுற்றில் இந்தச் சார்ஜரைச் சுற்றக் கிட்டத்தட்ட 10 கிலோவாட் வேண்டும். அவ்வளவும் ஒரு சின்னப் புல்லியில் பெல்ட் கவ்வும் பிடியில்தான் போகிறது. வழுக்கினால் கிரீச் என்று சத்தம் வரும் என்று நினைப்போம். எஞ்சின் இரைச்சலில் பெரும்பாலும் கேட்காது. ஆனால் வழுக்கிய இடம் சூடாகும். கையடக்க இன்ஃப்ராரெட் வெப்பமானி ஒன்று போதும். முழு இழுப்பு ஒன்று கொடுத்து, பத்திரமாக ஓரம் கட்டி, எஞ்சினை நிறுத்திவிட்டு உடனே சார்ஜர் புல்லியில் அடித்துப் பாருங்கள். என் வண்டியில் அன்று 110 டிகிரி. பக்கத்தில் இருந்த ஐட்லர் (பெல்ட்டுக்கு வழிகாட்டச் சும்மா சுற்றும் புல்லி) 50. சரிசெய்த பிறகு சார்ஜர் புல்லி 60ஐத் தாண்டவே இல்லை.

எம்எக்ஸ்-5இன் பழைய பெல்ட் நான்கு பல். அதிலேயே சார்ஜரையும் ஓட்டலாம் என்று முயல்பவர்களுக்கு நேரம் மிச்சமாகாது. மினியில் இருப்பது போல ஆறு பல் பெல்ட்டுக்கு கிராங்கில் தனிப் புல்லி கடைய வேண்டும். பல் இடைவெளி 3.56 மிமீ, லேத்காரரிடம் படம் கொடுக்கும்போது 3.5 என்று எழுதிக் கொடுக்காதீர்கள், ஆறாவது பல் வரும்போது அந்தச் சின்ன வித்தியாசம் பெல்ட்டின் ஓரத்தைக் கடிக்கும்.

பல் சரியாக இருந்தும் வழுக்கினால், புல்லியை பெல்ட் எவ்வளவு தூரம் சுற்றிப் பிடிக்கிறது என்று பாருங்கள். என் முதல் அமைப்பில் சார்ஜர் புல்லியில் பெல்ட் தொட்டது 110 டிகிரி மட்டுமே. டென்ஷனை எவ்வளவு ஏற்றினாலும் வழுக்கியது. ஏற்றியதற்குப் பலனாக ஐட்லர் பேரிங் ஒன்று போனது. ஐட்லரை 40 மிமீ நகர்த்தி, பெல்ட் 170 டிகிரி சுற்றுமாறு செய்த அன்றே கோளாறு முடிந்தது. அந்த இடமாற்றத்துக்கு ஒரு துளையும் ஒரு ஸ்பேசரும் தவிர வேறெதுவும் தேவைப்படவில்லை. பெல்ட் டிரெஸ்ஸிங் என்று விற்கும் பசை ஸ்பிரேவைப் பற்றிக் கேட்காதீர்கள்.

போல்ட் போட்டு நிறுத்தும் டென்ஷனரைவிட ஸ்பிரிங் டென்ஷனர் மேல். அலுமினியம் சூட்டில் விரியும். குளிர்ந்த எஞ்சினில் கச்சிதமாக இருந்த பெல்ட் சூட்டில் வீணைத் தந்தி மாதிரி நிற்கும்.

பெல்ட் கழன்று தெறிக்கிறது, அல்லது ஓரம் நூல் நூலாகப் பிரிகிறது

ஓரம் பிரிந்தால் அலைன்மென்ட். நேரான ஒரு இரும்புப் பட்டையைக் கிராங்க் புல்லி முகத்தில் வைத்துச் சார்ஜர் புல்லி வரை நீட்டிப் பாருங்கள். 300 மிமீ தூரத்துக்கு 1 மிமீக்குள் இருக்க வேண்டும். முன்பின் தள்ளி இருந்தால் ஷிம் என்ற மெல்லிய தகடு போட்டுச் சரிசெய்யலாம். புல்லி சாய்ந்திருந்தால் ஷிம் உதவாது, பிராக்கெட்டின் முகத்தையே சீவ வேண்டும்.

நிற்கும்போது எல்லாம் கனகச்சிதம், இழுக்கும்போது மட்டும் தெறிக்கிறது என்றால் பிராக்கெட் வளைகிறது. கண்ணால் பார்க்க முடியாது, செல்போன் கேமராவால் முடியும். வண்டியை ரோலர் மேல் ஏற்றி, ஸ்லோ மோஷனில் படம் எடுத்தோம். என் முதல் பிராக்கெட் 6 மிமீ இரும்புத் தகடு, ஆங்கிள் மாதிரி மடித்தது. திரையில் பார்த்தபோது வயிறு கலங்கியது: த்ராட்டில் திறந்த அந்தக் கணத்தில் சார்ஜர் முழுவதும் கிராங்கைப் பார்த்துத் தலை வணங்குகிறது, பெல்ட் ஒரு பல் வெளியே நழுவுகிறது, அடுத்த நொடி ஒன்றும் நடக்காதது போல நிமிர்கிறது. 12 மிமீ அலுமினியத் தகட்டில் புதிதாக வெட்டி, சார்ஜரின் பின்புறத்தில் இருந்து எஞ்சின் பிளாக்குக்கு ஒரு தாங்கு கம்பியும் கொடுத்தேன். தலையசைப்பு நின்றது.

இரண்டு தவறுகளை மற்றவர்கள் வண்டியில் பார்த்திருக்கிறேன். ஒன்று, பிராக்கெட்டின் ஒரு முனையை எஞ்சினிலும் மறு முனையை வண்டியின் உடலிலும் போல்ட் போடுவது. எஞ்சின் தன் ரப்பர் மவுண்டில் அசையும், உடல் அசையாது. ஒன்று பெல்ட் போகும், அல்லது பிராக்கெட் கிழியும். இரண்டு, அலைன்மென்ட் வசதிக்காகத் துளைகளை நீளமாக வெட்டி விடுவது. எந்தப் போல்ட்டும் அதிர்வில் அந்த நீளத் துளையில் ஒரே இடத்தில் உட்காராது. அளந்து, வட்டத் துளை போட்டு, ஷிம் வையுங்கள்.

சத்தங்கள்

சீறும் விசில் இயல்பு. அதற்குத்தானே இத்தனை பாடு.

ஐட்லிங்கில் டீசல் வண்டி மாதிரி கடகடவென்று அடித்து, கொஞ்சம் ரேஸ் கொடுத்ததும் மறைந்தால், சார்ஜர் மூக்குக்குள் இருக்கும் பிளாஸ்டிக் கப்ளிங் தேய்ந்திருக்கிறது. ஆபத்தில்லை, மூக்கைக் கழற்றிப் புதிதாக ஒன்று போடலாம். மூக்கைத் திறக்கும்போது அந்த ஆயிலின் நாற்றத்துக்குத் தயாராக இருங்கள். கையில் பட்டால் இரண்டு நாள் சோறு இறங்காது.

சுற்று ஏற ஏறக் கூடும் உறுமல் என்றால் பேரிங். பெல்ட்டைக் கழற்றிப் புல்லியைக் கையால் சுற்றுங்கள். மணல் அரைப்பது போல உணர்ந்தால் சந்தேகமே வேண்டாம். சார்ஜரின் வாயில் டார்ச் அடித்து ரோட்டர் இலைகளைப் பாருங்கள். பூச்சு உரிந்து அலுமினியம் பளபளவென்று கோடாகத் தெரிந்தால் இலைகள் ஒன்றோடொன்றோ சுவரோடோ உரசுகின்றன. அந்தத் துகள் போகும் இடம் உங்கள் சிலிண்டர். அப்படியே ஓட்டாதீர்கள்.

மினி சார்ஜருக்கே உரிய ஒன்று இருக்கிறது. அந்த வண்டியில் தண்ணீர் பம்ப் சார்ஜரின் பின்முனையில் இருக்கும் பல்சக்கரங்கள் வழியாகத்தான் ஓடுகிறது. அதற்குத் தனி ஆயில் அறை. யார்டில் கிடைக்கும் பல சார்ஜர்களில் அந்த அறை வறண்டு, பல்சக்கரம் மழுங்கியிருக்கும். நாம் பம்பைக் கழற்றிவிட்டு ஒரு டம்மி பிளேட் போட்டு மூடுவோம். பின்னால்தான் எதுவும் இல்லையே என்று ஆயில் ஊற்ற மறப்போம். பல்சக்கரங்களை உள்ளேயே விட்டிருந்தால் அவை சுற்றிக்கொண்டுதான் இருக்கும், ஆயில் கட்டாயம். எடுத்துவிட்டால் தொல்லை இல்லை. பின்பக்கம் இருந்து வரும் மெல்லிய ஊளைச் சத்தம் இதுதான்.

ஆயில் அளவைச் சார்ஜர் மினியில் எந்தக் கோணத்தில் உட்கார்ந்ததோ அந்தக் கோணத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். எம்எக்ஸ்-5இல் அதைச் சற்று உருட்டிப் படுக்க வைத்தால் பிளக் துளையின் உயரம் மாறிவிடும். மேசையில் வைத்து ஊற்றி முடித்துவிட்டு மாட்டுங்கள்.

டிப்ஸ்டிக் வழியாக ஆயில் துப்புகிறது

எஞ்சின் தேய்ந்துவிட்டதோ என்று பயப்படும் முன் கிராங்க் அறையின் ஆவியை மேனிஃபோல்டுக்கு விடும் ஒருவழி வால்வான பிசிவி வால்வைக் கழற்றி, துடைத்துவிட்டு வாயால் ஊதிப் பாருங்கள். மேனிஃபோல்டுப் பக்கம் இருந்து ஊதினால் அடைபட வேண்டும். முப்பது வருடப் பழைய வால்வு இரண்டு பக்கமும் விடும். பூஸ்ட் நேராக கிராங்க் அறைக்குள் புகுந்து ஆயிலை வெளியே தள்ளும். சில பவுண்டு செலவில் தீரும் கோளாறு.

முதல் இழுப்பில் சிங்கம், மூன்றாவதில் கழுதை

வெப்பம். 20 டிகிரிக் காற்றை 0.5 பாருக்கு அழுத்தினால், இழப்பே இல்லாத இயந்திரத்தில்கூட அது 56 டிகிரிக்குப் போகும். ரூட்ஸ் வகை அவ்வளவு நல்ல பிள்ளை இல்லை. திறன் 60 சதவீதம் என்று வைத்தால் வெளியே வருவது 80 டிகிரி. உலைக்குக் காற்று ஊதவும் சுரங்கத்துக்குக் காற்று அனுப்பவும் பயன்பட்ட கருவியின் வழி வந்தது இது, அமெரிக்காவில் ரூட்ஸ் சகோதரர்கள் 1860இல் காப்புரிமை வாங்கியது. அழுத்துவது அதன் இயல்பான வேலை இல்லை, தள்ளுவதுதான்.

சென்சார் 60ஐத் தாண்டினால் இன்டர்கூலர் சிறியது, அல்லது அதற்குக் காற்று போகவில்லை. முன்பம்பருக்குப் பின்னால் மாட்டிவிட்டு, காற்று அதன் ஓரமாக நழுவிப் போகாமல் தகடு அடைக்காதவர்கள் பலர். அரை நாள் தகரம் வெட்டி ஓரங்களை மூடினேன். 12 டிகிரி குறைந்தது. பைபாஸ் வால்வு ஒட்டிக்கொண்டு திறக்காமல் இருந்தாலும் இதே அறிகுறிதான் வரும், சும்மா ஓட்டும்போதும் சூடு ஏறும்.

பாதி மிதியில் வண்டி ஊஞ்சல் ஆடுகிறது

வேகம் ஒரே சீராக வைத்தால் இழுப்பு வருகிறது, போகிறது, வருகிறது. மினி ஓட்டுபவர்கள் இதற்கு யோயோ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். பைபாஸ் வால்வு திறப்பதா மூடுவதா என்று முடிவெடுக்க முடியாமல் தவிக்கிறது. ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் வால்வை மாற்றுங்கள். புது வால்விலும் வந்தால் அதன் ஹோஸைக் குட்டையாக்குங்கள். என்னுடையது 70 செமீ இருந்தது, 20 ஆக்கியதும் அடங்கியது.

கடுகு வெடிக்கும் சத்தம், அல்லது பூஸ்டில் விட்டு விட்டு இழுக்கிறது

இரண்டும் வேறு வேறு. முதலாவதில் காலை உடனே எடுங்கள்.

எண்ணெயில் கடுகு வெடிப்பது போல மேலே சடசடப்பு வந்தால் அது நாக்கிங், சிலிண்டருக்குள் பெட்ரோல் கலவை தானாகவே வெடிப்பது. வைட்பேண்டில் எண் என்ன? பூஸ்டில் 11.5க்கும் 12க்கும் நடுவில் இருக்க வேண்டும். 13க்கு மேல் போனால் பெட்ரோல் போதவில்லை. பழைய இன்ஜெக்டர் இந்தச் சக்திக்குக் காணாது. 160 குதிரைச் சக்திக்கு, இன்ஜெக்டர் 80 சதவீதத்துக்கு மேல் திறந்திருக்கக் கூடாது என்று வைத்துக் கணக்கிட்டால், ஒவ்வொன்றும் நிமிடத்துக்கு 315 சிசி தர வேண்டும். கலவை சரியாக இருந்தும் வெடித்தால் டைமிங்கைக் குறையுங்கள், அதாவது பொறி சற்றுத் தாமதமாக விழட்டும். ஒவ்வொரு பிஎஸ்ஐ (ஏறக்குறைய 0.07 பார்) பூஸ்டுக்கும் ஒரு டிகிரி பின்னுக்கு வைத்துத் தொடங்குவது பாதுகாப்பு. சாதா 95 ஆக்டேனைவிட்டு சூப்பர் அன்லெடட் போடுங்கள்.

ஹெல்மெட்டுக்குள் இந்தச் சத்தம் கேட்காது, சன்னல் திறந்திருந்தாலும் சந்தேகம்தான். ஒரு செப்புக் குழாயின் முனையைத் தட்டித் தட்டையாக்கி, துளையிட்டு எஞ்சின் பிளாக்கில் போல்ட் போட்டு, மறுமுனையில் இருந்து ரப்பர் ஹோஸை ஒரு காது மூடிக்குள் கொண்டுவந்தேன். நண்பர் பக்கத்துச் சீட்டில் அதை மாட்டிக்கொண்டு டாக்டர் மாதிரி உட்கார்ந்து வந்தார். கேலியாகத் தெரியும், ஆனால் முதல் வெடிப்பை அவர்தான் பிடித்தார், 5,200 சுற்றில்.

இரண்டாவது, அதாவது மிஸ்ஸிங், பெரும்பாலும் ஸ்பார்க் பிளக்கின் இடைவெளி. அடர்ந்த காற்றில் பொறி தாவுவது கடினம். 1.1 மிமீயில் இருக்கும் இடைவெளியை 0.7க்குக் கொண்டுவாருங்கள். என்ஜிகே பிளக் என்றால் எண் 6க்குப் பதில் 7. அந்த நிறுவனத்தில் எண் கூடினால் குளிர்ந்த பிளக்.

எல்லாம் சரியாக ஓடிய வண்டி மெல்ல மெல்லச் சக்தி இழக்கிறது

பெல்ட் நன்றாக, பூஸ்ட் 0.5, கலவை சரி, இருந்தும் வாரா வாரம் கொஞ்சம் மந்தம், ஐட்லிங்கில் நடுக்கம். எஞ்சினை ஓடவிட்டு கிராங்க் புல்லியைப் பக்கவாட்டில் பாருங்கள். தள்ளாடுகிறதா?

1989 முதல் 1991 வரை வந்த 1.6 எஞ்சின்களில் கிராங்கின் மூக்கு, அதாவது புல்லி உட்காரும் முன்முனை, குட்டை. முன் போல்ட் கொஞ்சம் தளர்ந்தாலும் சாவித் தடம் (பல்சக்கரத்தை நழுவாமல் பிடிக்கும் காடி) தேய்ந்து, டைமிங் பல்சக்கரம் நழுவ ஆரம்பிக்கும். சார்ஜர் இல்லாமலேயே இந்த நோய் வரும்; நாம் அதே மூக்கில் இன்னொரு ஆறு பல் பெல்ட்டைத் தொங்கவிட்டு இழுக்கிறோம். போல்ட்டை இறுக்கி விட்டால் சில நாள் ஓடும், தேய்ந்த தடம் திரும்பி வளராது.

எந்த மூக்கு என்று தெரிந்துகொள்ள எதையும் கழற்ற வேண்டாம். டார்ச்சை எடுத்துக்கொண்டு குனிந்து, கிராங்க் புல்லியின் நடுவில் இருக்கும் பிளவுகளை எண்ணுங்கள். எட்டு என்றால் நீள மூக்கு. நான்கு என்றால் குட்டை; அந்த எஞ்சினில் நான் இந்த வேலையைத் தொட மாட்டேன். என் முதல் வண்டியில் நான்கு இருந்தது, பிராக்கெட் எல்லாம் செய்து முடித்த பிறகுதான் எண்ணினேன். 1993 வண்டியின் எஞ்சின் ஒன்றை யார்டில் பிடித்து மாற்றினேன். பிராக்கெட் அப்படியே உட்கார்ந்தது. கிராங்க் புல்லியின் அடாப்டரை மட்டும் லேத்தில் மறுபடி கடைய வேண்டியிருந்தது.